கிணற்றில் கசிவு எங்கே: பம்ப், லாக், பேக்கர், எதை முதலில் எடுப்பது?

எண்ணெய்க் கிணற்றுக்குப் பிரஷர் டெஸ்ட் வைத்தாயிற்று, அழுத்தம் நிற்கவில்லை. 1000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) ஏற்றி வால்வை மூடினால் அரை மணி நேரத்தில் முள் 800-க்கு இறங்கிவிடுகிறது. எண்ணெய்க் கிணற்று வேலையில் இருப்பவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். ஒருவர், வொர்க்ஓவர் ரிக்கை (கிணற்றைப் பழுது பார்க்கும் கோபுர எந்திரம்) கூப்பிடு, டியூபிங்கை (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) உருவு, பேக்கரும் (குழாய்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை ரப்பரால் அடைப்பது) பிளக்கும் (குழாயையே அடைப்பது) இறக்கிக் கட்டம் கட்டமாக டெஸ்ட் பண்ணு என்பார். இன்னொருவர், ரிக் எதற்கு, கம்பியில் கருவியை இறக்கும் வயர்லைன் வண்டி வரட்டும், டெம்பரேச்சர் லாக்கும் நாய்ஸ் லாக்கும் (ஆழவாரியாக வெப்பத்தையும் சத்தத்தையும் அளக்கும் பதிவுகள்) ஓட்டினால் இடம் தெரிந்துவிடும் என்பார். மூன்றாவது ஆள், கிணற்றில் ஒன்றுமில்லை, உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, இன்னொரு தடவை பம்ப் பண்ணிப் பாருங்கள் என்பார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதை எப்போது செய்வது என்கிற வரிசையில்தான் தப்பு நடக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேலே இருக்கிற வால்வுகளையும் கேஜையும் வைத்துச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் முதலில் செய்யுங்கள், அப்புறம் ரிக் வருவதற்கு முன்னால், கசிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, லாக் எடுங்கள், பேக்கரையும் பிளக்கையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கர் மோசமான கருவி என்பதால் இப்படிச் சொல்லவில்லை. அது இடத்தை உறுதிசெய்யும் கருவி. 8000 அடியில் குத்துமதிப்பாகத் தேட அதைப் பயன்படுத்தினால் பழைய கேசிங் (கிணற்றுச் சுவராக நிற்கும் வெளிக்குழாய்) தாங்காது.

பேச வசதியாக ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் 8000 அடி. 7 அங்குல கேசிங், அதற்குள் 2.875 அங்குல டியூபிங், கீழே பேக்கர். டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் நடுவில் இருக்கிற ஆனுலஸில் ஏறக்குறைய 240 பீப்பாய் தண்ணீர் நிற்கும், லிட்டரில் 38,000 சொச்சம். தண்ணீரை ஒரு பிஎஸ்ஐ அழுத்தினால் அதன் கொள்ளளவில் பத்து லட்சத்தில் மூன்று பங்கு சுருங்கும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். 38,000 லிட்டரை 1000 பிஎஸ்ஐ-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 115 லிட்டர் கூடுதலாக உள்ளே தள்ள வேண்டும் (குழாய் கொஞ்சம் விரிவதை விட்டுவிடுவோம்). அப்படியானால் 200 பிஎஸ்ஐ இறங்கியது என்பது 23 லிட்டர் வெளியே போனதற்குச் சமம், நிமிடத்துக்கு முக்கால் லிட்டர்.

சரி, இதே கணக்கைச் சின்ன இடத்துக்குப் போட்டுப் பாருங்கள். தரையில் இருக்கும் ஒரு பிஓபி (கிணறு சீறாமல் மூடும் பெரிய வால்வு) அடுக்கும் அதோடு சேர்ந்த லைன்களும் 5 பீப்பாய், அதாவது 800 லிட்டர் என்று வைப்போம். அங்கே 100 பிஎஸ்ஐ இறங்க கால் லிட்டர் போனால் போதும். ஆனுலஸில் அதே 100 பிஎஸ்ஐ இறங்க 11 லிட்டருக்கு மேல் போக வேண்டும். அரை மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் கொள்ளளவைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொன்னால் ஒரே எண் ஓர் இடத்தில் கடுமையான தேர்வாகவும் இன்னோர் இடத்தில் பெரிய ஓட்டையையே விட்டுவிடுகிற தேர்வாகவும் ஆகிவிடும். டெஸ்ட் ரிப்போர்ட்டில் பம்ப் செய்த கொள்ளளவும் திரும்ப வந்த கொள்ளளவும் இல்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாவது ஆள் சொன்ன காற்று விஷயம் உண்மையானதுதான், ஆனால் அவர் நினைக்கிற திசையில் இல்லை. பெரும்பாலும் காற்றும் கேஸும் கசிவை மறைக்கும், பொய்யாகக் கசிவைக் காட்டுவது குறைவு. ஆனுலஸின் மேல்பகுதியில் ஏற்கெனவே அழுத்தத்தோடு கேஸ் சேர்ந்திருந்து, 1000 பிஎஸ்ஐ-யிலும் அது 5 பீப்பாய் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கேஸ் சுருங்கியும் விரிந்தும் கொடுப்பதால் முன்பு 200 பிஎஸ்ஐ இறக்கிய அதே 23 லிட்டர் கசிவு இப்போது 25 பிஎஸ்ஐதான் இறக்கும். டெஸ்ட் பாஸ். அதே ஓட்டை, அதே கசிவு. இதைக் கண்டுபிடிக்கப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பம்ப் செய்யும்போது ஒவ்வொரு 100 பிஎஸ்ஐ-க்கும் எத்தனை லிட்டர் போனது என்று குறித்துக்கொண்டே போனால், தண்ணீர் மட்டும் இருந்தால் நேர்கோடு வரும், கேஸ் இருந்தால் தொடக்கத்தில் கோடு படுத்துக்கிடந்து பிறகு நிமிரும். கணக்குப்படி 115 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 300 லிட்டர் போயிருந்தால் டெஸ்டைத் தொடராமல் நிறுத்திவிட்டு, கேஸை வெளியேற்றி, தண்ணீரை நிரப்பிவிட்டுத்தான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு திருடன் வெப்பம். 30 டிகிரியில் இருக்கிற தண்ணீரை மூடிய இடத்தில் ஒரே ஒரு டிகிரி சூடாக்கினால், குழாய் விரியாது என்று வைத்துக்கொண்டால், அழுத்தம் 100 பிஎஸ்ஐ-யை ஒட்டி ஏறும். மேலே தொட்டியில் இருந்து குளிர்ந்த தண்ணீரைக் கிணற்றில் நிரப்பி உடனே டெஸ்ட் வைத்தால், கிணறு அதைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும், கசிவு இறக்குவதை வெப்பம் ஏற்றிக்கொடுக்கும், முள் அசையாமல் நிற்கும். சார்ட்டைப் பார்த்தால் அருமையான நேர்கோடு. சூடாக ஓடிக்கொண்டிருந்த கிணற்றை மூடிவிட்டு உடனே டெஸ்ட் வைத்தால் இதற்கு நேர்மாறு, ஓட்டை இல்லாத கிணறும் தோற்கும். ஆகவே நிரப்பிய பிறகு காத்திருங்கள். அழுத்தம் தானாக எந்தப் பக்கம் போகிறது என்று டெஸ்டுக்கு முன்பே ஒரு மணி நேரமாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்து, கசிவு இருக்கிறது என்று நிச்சயமான பிறகுதான் எங்கே என்கிற கேள்வி வருகிறது. அதற்கும் முன்னால் ஒரு மலிவான வேலை பாக்கி இருக்கிறது. வெல்ஹெட்டில் (கிணற்றின் தலைப்பகுதியில்), ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் குழாய்களுக்கு நடுவே இருக்கும் ஒவ்வொரு ஆனுலஸுக்கும் தனித்தனி வால்வு உண்டு. அரை அங்குல நீடில் வால்வு வழியாக அழுத்தத்தை மெதுவாக இறக்கி, அது பூஜ்யத்துக்கு வருகிறதா, மூடிய பிறகு 24 மணி நேரத்தில் எவ்வளவு திரும்ப ஏறுகிறது என்று பார்ப்பது. அமெரிக்கக் கடல் கிணறுகளில் நிலையான மேடைகளில் ஆனுலஸ் அழுத்தம் 100 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் இந்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி விதியே இருக்கிறது. கிணறு சூடானதால் மட்டும் ஏறிய அழுத்தம் ஒரு தடவை இறக்கினால் திரும்ப வராது. உண்மையான கசிவு திரும்ப வரும். ஒரு ஆனுலஸை இறக்கும்போது பக்கத்து ஆனுலஸ் கேஜும் சேர்ந்து இறங்கினால் இரண்டுக்கும் நடுவே வழி இருக்கிறது என்று அர்த்தம். இறக்கும்போது வருவது கேஸா, எண்ணெயா, உப்புத்தண்ணீரா என்று பார்த்து ஒரு சாம்பிள் எடுத்து வையுங்கள், கசிவு எந்த அடுக்கில் இருந்து வருகிறது என்பதற்குப் பல நேரம் அந்த பாட்டில் சொல்கிற பதிலை எந்த லாக்கும் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

வெல்ஹெட், பிஓபி, சோக் மேனிஃபோல்டு (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுத் தொகுப்பு) போன்ற மேல் கருவிகளில் கசிவு தேடுவது இதைவிட எளிது, அதனால் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். அங்கே டெஸ்ட் வரிசையே இடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும்: வெளி வால்வில் இருந்து ஒவ்வொன்றாக உள்ளே வந்தால் எந்த வால்வை மூடும்போது அழுத்தம் நிற்கிறதோ அதற்கு வெளியேதான் ஓட்டை. இரண்டு விஷயத்தை மட்டும் விடாதீர்கள். ஒன்று, குறைந்த அழுத்த டெஸ்டை முதலில் வையுங்கள், 250-இல் இருந்து 350 பிஎஸ்ஐ வரை, 5 நிமிடம். அதிக அழுத்தம் ரப்பர் சீலை நெருக்கி அடைத்துவிடும், பிறகு குறைந்த அழுத்தத்தில் ஒழுகுகிற சீலைப் பிடிக்கவே முடியாது. அமெரிக்க விதிப்படி ஏற்றும்போது தவறி 500-ஐத் தாண்டிவிட்டால் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், அதற்குக் காரணம் இதுதான். இரண்டு, வெல்ஹெட்டில் டெஸ்ட் பிளக் உட்காரும்போது அதன் கீழே இருக்கிற கேசிங் வால்வைத் திறந்து வையுங்கள். பிளக் ஒழுகினால் தண்ணீர் அந்த வால்வில் தெரியும். மூடி வைத்திருந்தால் பிஓபி-க்கு வைத்த முழு அழுத்தமும் கேசிங் மேல் இறங்கிவிடும், அந்தக் கேசிங் அதற்காகச் செய்ததல்ல.

இப்போது கிணற்றுக்குள் வருவோம். தேர்வு உண்மையில் மூன்று: உள்ளிருந்து வெளியே அழுத்திப் பார்ப்பது, வெளியில் இருந்து உள்ளே வரவிட்டுப் பார்ப்பது, ஓடுகிற கசிவை லாக்கால் தேடுவது. முதல் இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒன்றல்ல. இதற்கு மெக்சிகோ வளைகுடாவில் நடந்ததைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

2010 ஏப்ரல் 20 அன்று மகோண்டோ கிணற்றில், டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் இரண்டு டெஸ்டும் நடந்தன. உள்ளிருந்து அழுத்திய டெஸ்ட் தேறியது. அது கேசிங் நன்றாக இருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். கேசிங்குக்குள் சிமென்டுக்கு மேலே உட்கார்ந்திருந்த பிளக் மேலே இருந்து வந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டதால், கீழே இருந்த சிமென்ட் கேஸைத் தடுக்குமா என்கிற கேள்வியை அந்த டெஸ்ட் தொடவே இல்லை. அதைக் கேட்பதற்குத்தான் நெகடிவ் டெஸ்ட்: கனமான மட்டுக்கு (துளையிடும் சேற்றுக்கு) பதில் கடல்நீரை நிரப்பி உள் அழுத்தத்தைக் குறைத்து, கிணறு உள்ளே ஒழுகுகிறதா என்று பார்ப்பது. டிரில் பைப்பில் (துளையிடும் குழாயில்) 1400 பிஎஸ்ஐ நின்றது. அதே கிணற்றோடு இணைந்த கில் லைனில் (கிணற்றைக் கட்டுப்படுத்த மட் அனுப்பும் பக்கக் குழாயில்) அழுத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரே இடத்தோடு இணைந்த இரண்டு குழாய்களும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. டிரில் பைப் அழுத்தத்துக்கு ஒரு விளக்கம் கொடுக்கப்பட்டு, கில் லைனின் பூஜ்யத்தை ஏற்றுக்கொண்டு டெஸ்ட் தேறியதாக முடிவானது. அன்று இரவு கிணறு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள், 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது.

இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: சிமென்ட், லைனர் (கேசிங்கின் அடியில் தொங்கவிடும் குழாய்) மேல்முனை, கீழே இருக்கும் பிளக், இவை வெளியில் இருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை, ஆகவே அவற்றை உள்நோக்கித்தான் சோதிக்க வேண்டும். கேசிங்கில் ஓட்டை தேடுகிறீர்கள் என்றால் வெளிநோக்கி அழுத்துங்கள். பழைய கேசிங்காக இருந்தால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் மெலிந்த இடத்தில் டெஸ்டே புது ஓட்டை போட்டுவிடும். டெக்சஸில் நீர் செலுத்தும் கிணறுகளுக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை வைக்கும் ஆனுலஸ் டெஸ்டின் அழுத்தம், அனுமதிக்கப்பட்ட செலுத்து அழுத்தம் அல்லது 500 பிஎஸ்ஐ, இரண்டில் எது குறைவோ அது, ஆனால் 200-க்குக் குறையக்கூடாது. அதிகமில்லாத எண்தான். கிணற்றைக் காயப்படுத்தாமல் கேள்வி கேட்கிற எண் என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அடியில் தண்ணீர்த் தூணின் எடையும் சேரும் என்பதை மறக்கக்கூடாது, அடிக்கு 0.433 பிஎஸ்ஐ, 5000 அடியில் அது மட்டும் 2165. மேலே 500 என்றால் அங்கே கேசிங்குக்குள் 2665, வெளியே எவ்வளவு இருக்கிறதோ அதைக் கழித்தால் வருவதுதான் ஓட்டையைத் தள்ளுகிற உண்மையான அழுத்தம்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ, செலுத்து கிணறுகளுக்கு இரண்டு கேள்வி வைக்கிறது. கேசிங், டியூபிங், பேக்கர் மூன்றிலும் சொல்லும்படியான கசிவு இல்லையா என்பது ஒன்று. கேசிங்குக்கு வெளியே, சிமென்ட் இடுக்கு வழியாக, குடிநீர் அடுக்குக்குள் திரவம் போகவில்லையா என்பது இன்னொன்று. அழுத்தச் சோதனை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். கேசிங் புத்தம் புதிதாக, ஒரு ஊசி ஓட்டைகூட இல்லாமல் இருந்து, வெளியே சிமென்ட் வழியாகக் கேஸ் மேலே வந்துகொண்டிருந்தால் எத்தனை முறை பம்ப் செய்தாலும் முள் அசையாது. இரண்டாவது கேள்விக்கு லாக்தான்.

பஞ்சர் கடையில் டியூபில் காற்று இறங்குகிறது என்று தெரிந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிற இடத்தைப் பார்ப்பார்களே, லாக் அந்தத் தொட்டி. ஓட்டை வழியாக ஏதாவது போய்க்கொண்டிருந்தால்தான் அதற்கு வேலை. கேஸ் ஒரு சின்ன ஓட்டையில் இருந்து வெளியே வந்து விரியும்போது குளிர்ந்துவிடும், டெம்பரேச்சர் லாக்கில் அந்த ஆழத்தில் கூர்மையான பள்ளம் விழும். தண்ணீர் கசிந்தால் இவ்வளவு தெளிவாக விழாது, கிணற்றின் இயல்பான வெப்பக்கோட்டில் இருந்து ஒரு விலகல் மட்டும் தெரியும். ஆகவே முதலில் கிணற்றை மூடி வைத்து அடிப்படைக் கோடு ஒன்று எடுத்துக்கொண்டு, பிறகு ஆனுலஸைத் திறந்து கசிவை ஓடவிட்டு இரண்டாவது கோடு எடுக்க வேண்டும். கருவி இறங்கும்போதே பதிவு செய்ய வேண்டும், மேலே வரும்போது எடுத்தால் கருவியே கலக்கிவிட்ட தண்ணீரின் வெப்பத்தைத்தான் அளப்பீர்கள். இந்த அடிப்படைக் கோட்டைக் காசு மிச்சம் என்று விட்டுவிட்டு வந்த லாக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும், அதில் இருந்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

நாய்ஸ் லாக்கும் அதோடு சேர்ந்தே போக வேண்டும். ஒரு மைக்கை இறக்கி, குறிப்பிட்ட ஆழங்களில் நிறுத்தி, கேபிள் அசையாமல் இருக்கும்போது கேட்பது. தண்ணீருக்குள் கேஸ் குமிழியாக ஏறினால் சத்தம் 200-இல் இருந்து 600 ஹெர்ட்ஸ் பக்கம் கூடும், ஒரே திரவம் இடுக்கில் பாய்ந்தால் 1000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். சத்தம் எந்த ஆழத்தில் உச்சம் என்பதோடு, அது எந்த மாதிரிச் சத்தம் என்பதும் சேர்ந்து தெரிகிறது. டியூபிங்கை உருவாமலே, டியூபிங்குக்குள் இருந்தபடியே, கேசிங்குக்கு வெளியே நடப்பதைக் கேட்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம். ஸ்பின்னர் (ஓட்டத்தை அளக்கும் சுழல் இறக்கைக் கருவி) இந்த வேலைக்கு உதவாது, நம் கிணற்றில் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் என்றால் அதன் இறக்கை திரும்பிக்கூடப் பார்க்காது. கதிரியக்க டிரேசர் சின்ன ஓட்டத்தையும் பிடிக்கும், அயோடின்-131 போட்டு அது எங்கே நகர்கிறது என்று பார்ப்பார்கள், அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைய 8 நாள் ஆகும். ஆனால் அனுமதி, பாதுகாப்பு, கையாளும் ஆள் என்று தனி ஏற்பாடு வேண்டும்.

லாக்கின் பலவீனமும் அலிசோ கேன்யனில் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், எண்ணெய் வற்றிய வயலைக் கேஸ் சேமிக்கும் கிடங்காக மாற்றியிருந்த இடம். 1953-இல் தோண்டிய எஸ்எஸ்-25 என்கிற கிணறு 2015 அக்டோபர் 23 அன்று கசிவதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டிக் கீழே வந்து சேர்ந்துதான் அடைக்க முடிந்தது. அதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. பிளேட் எனர்ஜி நிறுவனம் 2019-இல் கொடுத்த காரண ஆய்வின்படி 892 அடி ஆழத்தில் 7 அங்குல கேசிங்கின் வெளிப்பக்கத்தை நுண்ணுயிரி அரிப்பு தின்று மெலிய வைத்து, அது பிளந்திருக்கிறது. கேஸ் டியூபிங் வழியாகவும் கேசிங் வழியாகவும் ஓடியது, ஆகவே அந்த ஒரே சுவர்தான் தடுப்பு.

அந்தக் கிணற்றில் வருடாந்தர டெம்பரேச்சர் சர்வே நடந்துகொண்டுதான் இருந்தது. அது கசிவு தொடங்கிய பிறகுதான் காட்டும், சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டாது. சுவரின் தடிமனை அளக்கும் லாக் ஓட்டப்படவே இல்லை. அந்த வயலில் அதற்கு முன்பே 60-க்கு மேற்பட்ட கேசிங் கசிவுகள் நடந்திருந்தும் அவை ஏன் நடந்தன என்று ஆராயப்படவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. விபத்துக்குப் பிறகு கலிபோர்னியா அங்கிருந்த 114 கிணறுகளுக்கும் வைத்த வரிசையைப் பாருங்கள்: முதலில் எல்லாவற்றிலும் டெம்பரேச்சர் லாக்கும் நாய்ஸ் லாக்கும், அதில் தேறியதைப் பயன்படுத்த வேண்டுமானால் தடிமன் அளவு, சிமென்ட் ஒட்டு லாக், குழாயின் உள் விட்டத்தை அளக்கும் காலிப்பர், அதன் பிறகு அழுத்தச் சோதனை. கேஸ் இனி டியூபிங் வழியாக மட்டும். கேசிங் இரண்டாவது சுவராக நிற்கும், நடுவில் இருக்கும் ஆனுலஸ் கேஜ் எப்போதும் உண்மையைச் சொல்லும்.

தடிமன் கருவிகளிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பல விரல் காலிப்பர் உட்சுவரை மட்டும்தான் தொடும். வெளியில் இருந்து அரித்தால், எஸ்எஸ்-25-இல் நடந்ததைப் போல, ஓட்டை விழுகிற கடைசி நாள் வரைக்கும் காலிப்பர் எல்லாம் நலம் என்றே சொல்லும். வெளி அரிப்புக்குக் காந்தப்புலக் கசிவுக் கருவியோ மின்காந்தத் தடிமன் கருவியோ வேண்டும். முதலாவதற்கு டியூபிங்கை உருவ வேண்டும். இரண்டாவது டியூபிங் வழியாகவே ஓடும், ஆனால் சராசரித் தடிமனைத்தான் சொல்லும், சின்னக் குழியைத் தவறவிடும். எப்படியும் ரிக் வரப்போகிறது என்றால் நான் முதலாவதைத்தான் கேட்பேன்.

பேக்கரும் பிளக்கும் கடைசியாக. நியாயமாகச் சொன்னால், எந்தக் கசிவையும் ஐயமில்லாமல் அடைத்துக்கட்டிக் காட்டுவது இதுதான். எண்ணெய் உள்ளே வரக் கேசிங்கில் துளையிட்ட இடத்துக்கு மேலே, திரும்ப எடுக்கக்கூடிய பிளக்கை வைத்து, பேக்கரை அதற்குச் சற்று மேலே உட்காரவைத்து முதலில் அந்தப் பிளக்கையே டெஸ்ட் பண்ண வேண்டும். அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டினால் பிளக் ஒழுகுவதைக் கேசிங் ஓட்டை என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் பேக்கரை நடுவுக்கு ஏற்றி, கீழ்ப்பாதியை டியூபிங் வழியாகவும் மேல்பாதியை ஆனுலஸ் வழியாகவும் அழுத்தி, தோற்ற பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்துப் போவது. 8000 அடியை 30 அடி அளவுக்குக் குறுக்க எட்டு தடவை பாதியாக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் உட்காரவைத்து, நிரப்பி, காத்திருந்து, சார்ட் எடுத்து, இறக்கி, விடுவித்து. அதுவும் ஓட்டை ஒன்றே ஒன்று என்றால். பாதிக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை இருந்தால் இரண்டு பாதியும் தோற்கும், பாதியாக்கும் முறையே அங்கே நின்றுவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அரித்த கேசிங். பேக்கரின் ரப்பர் குழி விழுந்த சுவரில் சரியாக உட்காராது, பேக்கரைப் பிடித்து நிறுத்தும் ஸ்லிப்பின் பற்கள் மெலிந்த இரும்பைக் கடித்து இன்னும் கெடுக்கும், சில நேரம் பேக்கரே மாட்டிக்கொண்டு கசிவு தேடப் போன வேலை மாட்டியதை மீட்கும் வேலையாக ஆகிவிடும். லாக் முன்பே 3100-இல் இருந்து 3200 அடிக்குள் என்று சொல்லியிருந்தால் பேக்கரை நல்ல சுவர் இருக்கிற இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உட்காரவைத்தால் போதும். கேசிங் துண்டு ஒன்று 40 அடி பக்கம் நீளம், கசிவு பல நேரம் இணைப்பில்தான் இருக்கும், ஆகவே இணைப்புகளின் ஆழத்தைக் காட்டும் காலர் லாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேக்கரை இணைப்புக்கு மேலும் கீழும் நகர்த்தினால் எந்த இணைப்பு என்பதுவரை சொல்லிவிடலாம்.

வரிசையை மாற்றுகிற சூழ்நிலைகளும் உண்டு. வேறு காரணத்துக்காக ரிக் ஏற்கெனவே கிணற்றின் மேல் நிற்கிறது, டியூபிங்கும் வெளியே வந்துவிட்டது என்றால், பேக்கர் முறை மலிவாகிவிடும், அப்போது தடிமன் லாக்கை முதலில் ஓட்டிவிட்டு நேராகப் பேக்கருக்குப் போகலாம். கசிவு மிகமிகச் சின்னது, 24 மணி நேரத்தில் சில பிஎஸ்ஐதான் ஏறுகிறது என்றால் நாய்ஸ் லாக்குக்குக் கேட்க ஒன்றும் இருக்காது, அப்போது டியூபிங்கிலேயே ஒரு பிளக்கை வயர்லைனில் இறக்கி மேலும் கீழும் பிரித்து அழுத்துவது நல்லது. துளையிடும்போது டிரில் பைப்பிலேயே ஓட்டை விழுந்து பம்ப் அழுத்தம் மெதுவாக இறங்குகிறதா, அதற்கு இவை எதுவும் வேண்டாம், மெல்லிய கயிற்றுத் துண்டுகளை மட்டோடு பம்ப் செய்து, அது ஓட்டையில் போய் அடைத்து அழுத்தம் திடீரென்று மாறும்வரை பம்ப் எத்தனை ஸ்ட்ரோக் (பிஸ்டன் தள்ளல்) ஆனது என்று எண்ணினால் ஆழம் கணக்காக வந்துவிடும். இன்றைக்கும் ரிக் தளத்தில் வேலை செய்கிற பழைய வழி.

தண்ணீரா, நைட்ரஜனா என்று கேட்பவர்களுக்கு: கிணற்றுக்குள் தேடும்போது தண்ணீர். கேஸின் மூலக்கூறு தண்ணீர் நுழையாத இடுக்கிலும் நுழையும் என்பது உண்மை, அதனால்தான் கேஸ் கிணற்றுக்கு வரும் வால்வுகளை ஆலையில் தண்ணீரில் முக்கி உள்ளே கேஸ் ஏற்றிக் குமிழி பார்க்கிறார்கள். ஆனால் மேலே போட்ட கணக்குப்படி பெரிய கொள்ளளவில் கேஸை வைத்து அழுத்தினால் முள் இறங்குவதே தெரியாது, ஏதாவது உடைந்தால் அடைந்திருக்கிற சக்தி முழுவதும் பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் பாயும். 1000 பிஎஸ்ஐ தண்ணீர் ஒரு பீச்சலோடு நின்றுவிடும். 1000 பிஎஸ்ஐ நைட்ரஜன் அப்படி நிற்காது.

இடம் தெரிந்து, சிமென்ட் ஸ்க்வீஸோ (ஓட்டைக்குள் சிமென்டை அழுத்தி அடைப்பது) கேசிங் பேட்சோ (உள்ளிருந்து இரும்பு ஒட்டு வைப்பது) போட்டு முடித்த பிறகு மறுபடி டெஸ்ட் வைப்பார்கள். அந்த டெஸ்டை முதல் டெஸ்டின் அதே அழுத்தத்தில், அதே கொள்ளளவில், தண்ணீர் சூடேறி நின்ற பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஸ்க்வீஸ் செய்த இடத்தை உள்நோக்கியும் ஒரு தடவை சோதியுங்கள். வெளியே இருக்கிற அடுக்கின் அழுத்தம் கிணற்றுக்குள் இருப்பதைவிட அதிகமாகப் போகிற நாள் வந்தால் சிமென்டை அந்தப் பக்கம் இருந்துதான் அது தள்ளும்.